விரிசல் விட்ட அலாய் வீலை வெல்டிங் செய்து ஓட்டலாமா?

கேள்வி: சாலைப் பள்ளத்தில் இறங்கியதில் என் பைக்கின் முன்பக்க அலாய் வீல் லேசாக வளைந்து, மயிரிழை போல ஒரு விரிசலும் விழுந்துவிட்டது. வெல்டிங் செய்தால் போதும் என்கிறார் மெக்கானிக். புதுப்பேட்டையில் பழைய வீல் மலிவாகக் கிடைக்கிறது. எது சரி?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். புதிய வீல் வாங்குங்கள். அதுவரை அந்த பைக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். முன் சக்கரம் உடைந்தால் சமாளிக்க நேரமே இருக்காது.

ஒருமுறை சுலபமாகத் தாங்கிவிடும் சுமையே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உலோகத்தை உடைத்துவிடும். உலோகச் சோர்வு என்பது இதுதான். வார்ப்பில் சிக்கிய காற்றுத்துளையிலோ ஒரு கீறலிலோ விரிசல் பிறக்கிறது. அதன் நுனியில் அழுத்தம் குவிவதால் இம்மி இம்மியாக நீள்கிறது. நீள நீள வேகமும் கூடுகிறது. மிச்சமிருக்கும் உலோகத்தால் சுமையைத் தாங்க முடியாதபோது சட்டென்று முறிந்துவிடும். உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடுகிறது. 20,000 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 1 கோடி சுற்று! குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையை எஃகு ஏறத்தாழ எத்தனை முறையும் தாங்கும். அலாய் வீல் செய்யப்படும் அலுமினியக் கலவைக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கும் அலுமினியக் கலவை உடலில் வளர்ந்த இத்தகைய விரிசல்களே காரணம்.

வெல்டிங் விரிசலை மூடும். ஆனால் அந்தச் சூட்டில், பதப்படுத்தி ஏற்றிய வலிமை சுற்றுவட்டாரத்தில் குறைந்துவிடும். அடுத்த விரிசல் பெரும்பாலும் வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழும்.

பழைய வீல் எத்தனை பள்ளம் பார்த்தது என்று விற்பவருக்கே தெரியாது. மேலே புதுப் பெயின்ட் வேறு. பெயின்டை நீக்கி, சிவப்புச் சாயம் தடவி விரிசலைக் காட்டும் சோதனையை அம்பத்தூர், கிண்டி பக்கத்து ஆய்வகங்களில் செய்யலாம். அதிலும் மேற்பரப்பு விரிசல் மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

புதிய வீலுக்குக் கட்டாயம் பில் வாங்குங்கள். எங்கும் மோதாமலேயே அது விரிசல் விட்டால் உடனே படமெடுத்து, விற்றவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். உடைந்த வீலைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். விரிசல் மெல்ல வளர்ந்ததா, ஒரே அடியில் முறிந்ததா என்பதை உடைந்த பரப்பைப் பார்த்தே நிபுணரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.