வீட்டு மெழுகுவர்த்திக்கு எந்த சோயா மெழுகை நம்பி வாங்கலாம்?

சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினால் சோயா மெழுகு. எண்ணெய் வனஸ்பதியாவது போலத்தான். எவ்வளவு ஏற்றினார்கள், வேறென்ன கலந்தார்கள் என்பதைப் பொறுத்து உருகுநிலை மாறும். ஆகவே 'சோயா' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். உருகுநிலை, தாங்கும் வாசனை எண்ணெய் அளவு, தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரான சரக்கைக் குறிக்கும் batch எண்) மூன்றையும் எழுதித் தருபவரிடமே வாங்குங்கள்.

கண்ணாடிக் குவளைக்கு 50 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் மென்மையான வகை போதும். அச்சில் வார்த்துத் தனியாக நிற்க வேண்டுமென்றால் அதைவிடக் கெட்டியானது வேண்டும், இல்லையேல் வெயிலில் சாய்ந்துவிடும்.

முதலில் கொஞ்சமாக வாங்கி, 200 கிராமுக்கு 12 கிராம் வாசனை எண்ணெய் கலந்து ஊற்றி, இரண்டு வாரம் கழித்து ஏற்றிப் பாருங்கள். மேலே எண்ணெய் வியர்த்தால் அந்த மெழுகு அவ்வளவு தாங்காது. தொகுதி எண் மாறினால் மறுபடியும் சோதிக்கத்தான் வேண்டும்.

மேற்பரப்பில் வெள்ளையாகப் பூப்பது கலப்படமோ கெட்டுப்போனதோ அல்ல. சோயா மெழுகு இயல்பாகப் படிகமாவதுதான் அது.