சிப்புக்குள் கண்ணாடி

வணக்கம் சார்,

போட்டானிக் சிப் (மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கொண்டு வேலை செய்யும் சிப்) பற்றிய உங்கள் கட்டுரையில், லேசருக்கு இரு முனைகளிலும் கண்ணாடி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அரை மைக்ரான் அகலமே உள்ள ஒளிப்பாதையில் கண்ணாடியை எப்படி வைக்கிறார்கள்? வெள்ளியோ தங்கமோ பூசிவிட்டால் வேலை முடிந்ததே? இதன் தயாரிப்பை எளிமையாக்க இத்தனை பேர் ஏன் மெனக்கெடுகிறார்கள்?

முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

பூசலாம். ஆனால் ஒளிப்பாதை சிப்பின் தளத்திலேயே படுத்துக்கிடக்கிறது. அதன் முனையைச் செங்குத்தாக, வழவழப்பாக வெட்டி, அந்தச் சுவரில் உலோகம் படியவைக்க வேண்டும். அதற்குத் தனி மாஸ்க் (வடிவத்தைச் சிப்பில் பதிக்க உதவும் அச்சுத்தகடு), தனிப் படிகள். போதாததற்கு உலோகம் ஒவ்வொரு எதிரொளிப்பிலும் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். தங்கத்தையோ சிலிக்கான் ஆலைக்குள் சேர்க்கவே மாட்டார்கள். அதன் அணுக்கள் சிலிக்கானுக்குள் ஊடுருவி டிரான்சிஸ்டர்களைக் கெடுத்துவிடும்.

முதல் குறைக்கடத்தி லேசரில் பூச்சே கிடையாது. 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹால் காலியம் ஆர்சனைடு படிகத்தின் முகங்களை மெருகேற்றியே கண்ணாடியாக்கினார். சின்ன வயதில் தொலைநோக்கி செய்து பழகிய கை அவருடையது. இத்தகைய படிகமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் சுமார் 30 சதவீத ஒளி தானாகவே திரும்பும். லேசருக்கு அது போதும். அப்புறம் மெருகும் வேண்டாம், படிகத்தை அதன் இயல்பான தளத்தில் பிளந்தாலே போதும் என்றானது. இதைவிட எளிய தயாரிப்பு ஏது? ஆனால் சிப்பின் ஓரத்தில்தான் பிளக்க முடியும். நடுவில் கண்ணாடி கேட்டால் இந்த வழி உதவாது.

நடுவில் வைக்கப் பிராக் அடுக்கு இருக்கிறது. பாதை நெடுக சின்னச் சின்ன மாற்றங்களைச் சீரான இடைவெளியில் செய்தால், ஒவ்வொன்றும் துளித்துளியாகத் திருப்பும் ஒளி ஒன்றுசேர்ந்து வலுக்கும். 1550 நானோமீட்டர் ஒளிக்குச் சிலிக்கானில் அந்த இடைவெளி ஏறத்தாழ 320 நானோமீட்டர். பாதையின் மேற்பரப்பில் பள்ளம் வெட்டுவது ஒரு முறை. அதற்கு இரண்டாவது மாஸ்க் வேண்டும், அது முதல் மாஸ்க்கோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும், பள்ளத்தின் ஆழமும் பிசகக் கூடாது. அதனால் பலர் பாதையின் பக்கச் சுவரையே நெளிநெளியாக வரைந்துவிடுகிறார்கள். பாதையை வெட்டும் அதே எட்சிங்கில், அதாவது வேண்டாத பகுதியை அரித்தெடுக்கும் படியில், கண்ணாடியும் உருவாகிவிடும். எளிமையாக்கம் என்று நீங்கள் படித்ததன் சாரம் பெரும்பாலும் இதுதான்: கூடுதல் படி இல்லாமல் வரைபடத்திலேயே வேலையை முடிப்பது.

இதிலும் வம்பு உண்டு. எலெக்ட்ரான் கற்றையால் எழுதினால் நெளிவு கூர்மையாக வரும், ஆனால் ஆலைக்கு ஒத்துவராத அளவு மெதுவான வேலை. ஆலைகளின் புற ஊதா லித்தோகிராஃபியில் (மாஸ்க் வழியே ஒளி பாய்ச்சி வடிவத்தைப் பதிக்கும் முறை) மூலைகள் மழுங்கி, வரைந்ததைவிடக் கண்ணாடி வலுக்குறைந்துபோகும். பாதையின் அகலம் ஒரே ஒரு நானோமீட்டர் பிசகினால், எதிரொளிக்கும் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டர் நகர்ந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வளையக் கண்ணாடி. அங்கே எதிரொளிக்கும் பரப்பே கிடையாது. வரும் ஒளியைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டு கிளைகளையும் ஒரு வளையமாக இணைத்துவிடுகிறார்கள். கோயில் பிரகாரத்தை ஒருவர் வலமாகவும் இன்னொருவர் இடமாகவும் ஒரே வேகத்தில் சுற்றினால் இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள் அல்லவா? அதே கதைதான். இரண்டு பாதிகளும் வந்த வழியில் ஒத்த கட்டத்தில், அலை முகட்டோடு முகடாக, சேர்ந்து வலுக்கும்; மறு வாசலில் எதிர்க்கட்டத்தில், முகட்டோடு பள்ளமாக, மோதி அழிந்துவிடும். வந்த ஒளி முழுக்கத் திரும்பிவிடும்.

பிரிப்பு சரிபாதியாக அமையாவிட்டால்? எதிரொளிப்பு என்பது இரு பங்குகளின் பெருக்கலைப் போல நான்கு மடங்கு. 60க்கு 40 என்று பிசகினாலும் 4 × 0.6 × 0.4, அதாவது 96 சதவீதம் திரும்பும். ஆலையின் தவறை இவ்வளவு தாராளமாக மன்னிக்கும் கண்ணாடி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறை என்ன என்றால், அது நிறம் பார்க்காது. வருகிற அலைநீளங்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். லேசருக்கு ஒரே நிறம் வேண்டும் என்பதால் அதன் முன்னால் சின்ன வளைய வடிகட்டிகளை வைத்து, சூடேற்றி, வேண்டிய நிறத்துக்கு நகர்த்துகிறார்கள். அந்த வடிகட்டிகளும் அதே மாஸ்க்கில், அதே எட்சிங்கில் வந்துவிடும். சூடேற்றும் உலோகக் கம்பிக்கு மட்டும் தனிப் படி.