கால் வீக்கத்தை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 53. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றபடி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொலுசின் தடம் இரண்டு கால்களிலும் குழியாகப் பதிந்திருக்கிறது; காலையில் வடிந்துவிடுகிறது. வயிறும் உப்பி, கேஸ் நிறைந்த மாதிரி இருக்கிறது. மூன்று மாதமாகப் பாவாடை நாடாவைத் தளர்த்தித்தான் கட்டுகிறேன், இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் 5 போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது 10 ஆக்கியிருக்கிறார்கள். முட்டி வலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் மாத்திரை வாங்குவேன். யூடியூப்பில் பார்த்து வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறேன். பத்து நாளாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன நீர் மாத்திரையும் போடுகிறேன். போன மாதம் எடுத்த டெஸ்டில் கிரியாட்டினின் 0.8, சிறுநீரில் புரதம் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனாலும் என் அம்மா டயாலிசிஸில் இருந்துதான் இறந்தார். நீர் வடிய என்ன சாப்பிட வேண்டும் டாக்டர்?

பதில்:

உங்கள் கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது. கிரியாட்டினின் 0.8, சிறுநீரில் புரதம் இல்லை என்றால் இந்த வீக்கத்துக்குக் கிட்னியைக் குறை சொல்ல முடியாது. கிட்னியால் வரும் வீக்கம் பெரும்பாலும் காலையில் எழுந்ததும் கண்ணிமையிலும் முகத்திலும் தெரியும். புரதம் ஒழுகினால் சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பிரஷர் இருப்பதால் வருடத்துக்கு ஒரு முறை இதே இரண்டு டெஸ்டையும் எடுத்துப் பாருங்கள், போதும்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மூன்று மாதமாக நாடாவைத் தளர்த்திக் கட்டுகிறீர்கள், இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. இதற்கு இந்த வாரமே அடிவயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். கேஸால் வரும் உப்புசம் ஏறும், இறங்கும். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு சாயங்காலம் பானை மாதிரி ஆகும்; காற்று பிரிந்தாலோ மலம் கழித்தாலோ குறையும். நாடா காலையிலும் அதே இடத்தில் இறுக்குகிறது, வாரத்துக்கு வாரம் இன்னும் தளர்த்த வேண்டியிருக்கிறது என்றால் அது கேஸ் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல், மாதவிடாய் நின்ற காலத்தில், புதிதாக உப்புசம் வந்து போகாமல் நிற்பதும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவதும் சினைப்பைக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது ஆகியவையும் அதோடு சேர்ந்து வரும். சினைப்பைப் புற்றுநோயில் எனக்கு எரிச்சலும் வருத்தமும் தருவது இதுதான்: அது அமைதியாக வருவதில்லை, கேஸ் வேஷத்தில் வருகிறது. ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் என்று ஆறு மாதம் போன பிறகுதான் பெண்கள் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். அதற்குள் வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கும்.

உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இந்த அறிகுறிகளோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருக்காது. மலச்சிக்கல் இருக்கும், ஃபைப்ராய்டு என்ற கருப்பைத் தசைக்கட்டி இருக்கும், சாதாரண நீர்க்கட்டி இருக்கும். வயிற்றில் நீரோடு வந்து, புற்றுநோய் என்று வீடே அழுத பிறகு, அது வயிற்றுக் காசநோய் என்று தெரிந்து ஆறு மாத மாத்திரையில் குணமானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் போய், இங்கே எழுதிய அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். "கேஸ் தொல்லை" என்று சுருக்கிவிடாதீர்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேனும், சினைப்பைக் கட்டியைப் பற்றி அறிய உதவும் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். போன வருடம் பாப் ஸ்மியர் எடுத்தேனே என்று நினைக்க வேண்டாம், அது கருப்பை வாய்க்கான சோதனை, சினைப்பையைக் காட்டாது. சிஏ-125 எண் வந்ததும் அதை கூகுளில் போட்டுத் தேடாதீர்கள். காசநோயிலும் ஃபைப்ராய்டிலும்கூட அது ஏறும். ஸ்கேனோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம்.

சரி, இப்போது கால். பகலெல்லாம் நின்று சாயங்காலம் வீங்கி, படுத்து எழுந்தால் வடியும் வீக்கத்துக்கு உங்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது அம்லோடிபின். கால் வீக்கம் அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவு. டோஸ் 5-லிருந்து 10 ஆனால் அதிகமாகும், பெண்களுக்கு இன்னும் அதிகம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். இரண்டாவது நிற்பது. ஆடுதசை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள், குதிகாலை ஏற்றி இறக்குங்கள். ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீர் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அம்லோடிபினால் வரும் வீக்கம் அதற்குப் பெரிதாக அசையாது. உங்கள் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம்தான் குறையும். நிறுத்தினால் சில நாள் வீக்கம் கொஞ்சம் கூடும்; உடனே பயந்து மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது இதயத்துக்காக எழுதப்பட்டிருக்கும். இன்னொன்று, கிட்னிக்குப் பயப்படும் நீங்கள் கையில் எடுத்து விழுங்கும் ஒரே கிட்னி எதிரி அந்த முட்டி வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரை ஏற்றும். அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையும். வலி இருந்தால் பாராசிட்டமால் போடுங்கள், முட்டியை டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு. நீர் "வடிய" என்று தனி உணவு கிடையாது, நீரைப் பிடித்து வைப்பது உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் அரை லிட்டர் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. அதே அளவு உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால், கிட்னி அதை வெளியேற்றி முடிக்கும்வரை உடம்பு ஏறக்குறைய அரை லிட்டர் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சின்ன ஸ்பூன். நாம் சாப்பிடுவது சராசரியாக 8 கிராம். குழம்பில் கொஞ்சம் குறைப்பதைவிட, சாதத்தில் உப்புப் போட்டு வடிப்பதையும், மோரில் தனியாகப் போடுவதையும் நிறுத்துங்கள். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் போதும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். கேஸுக்கென்று தண்ணீரில் போட்டுப் பொங்கவிட்டுக் குடிக்கும் பவுடரும் சோடியம்தான். இந்துப்பும் உப்புதான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அம்மாவுக்கு அவற்றையெல்லாம் தடுத்திருப்பார்கள், அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. தண்ணீரைக் குறைக்காதீர்கள். சுரைக்காயைக் கூட்டாகச் செய்து சாப்பிடுங்கள், பச்சைச் சாறு வேண்டாம். கசப்பான சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. கசந்த சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. வீடியோவில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம், கேஸ் குறைய கொண்டைக்கடலை, காராமணியை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். ஒரு வாரம் பால், டீயை விட்டுப் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும்.

உப்பைக் குறைத்தால் சில நாளிலேயே மோதிரமும் கொலுசும் தளரும். அதைப் பார்த்து வயிறும் சரியாகிவிடும் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. கடையில் லீவு கிடைக்கவில்லை என்றால் வார விடுமுறை நாளில் போங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு முன்பே நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.