சிங்கப்பூரில் ஒரே நாளில் சுற்றிவிட்டுத் திரும்பக்கூடிய கரடுமுரடான கடலோர நடைப்பாதை எது? எப்படித் திட்டமிடுவது?

கடலோரம் வேண்டும், கொஞ்சம் கரடுமுரடாக இருக்க வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து என் பதில் புலாவ் உபின் தீவு. ஈஸ்ட் கோஸ்ட் கரை மண் கொட்டி நிரப்பிய தட்டை நிலம், அங்கே சைக்கிள் ஓட்டலாம். லேப்ரடாரில் அசல் பாறைக்கரை இருக்கிறது, ஆனால் வியர்ப்பதற்குள் பாதை முடிந்துவிடும்.

உபினில் கரையை ஒட்டியே முழு வட்டம் போட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கில் அவுட்வார்ட் பவுண்ட் சாகசப் பயிற்சி முகாம் இருக்கிறது, அதற்குள் பொதுமக்கள் போக முடியாது. மற்ற கரைகளிலும் பல இடங்களில் சதுப்புநிலக் காடுதான். அதனால் உபின் படகுத்துறையை நடுவில் வைத்து எட்டு வடிவில் நடப்பதே நல்லது. ஒரு பாதி கிழக்கே செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலம், மறு பாதி மேற்கே புவாக்கா குன்று. ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் வரும்.

எந்தப் பாதி முதலில்? அதைக் கடலிடம் கேளுங்கள். நம் ஆட்கள் பலர் எந்தச் சனிக்கிழமை எல்லாருக்கும் லீவு என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். செக் ஜாவாவில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் மரப்பாலத்தில் நடந்து வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில் போனால் அதே இடத்தில் கடல்புல், சேற்றில் தாவும் மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் எல்லாம் கண்ணில் படும். மணல்கரை, பாறைக்கரை, கடல்புல் படுகை, பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என்று ஆறு விதமான சூழல்கள் அந்தச் சின்ன இடத்தில் சேர்ந்திருக்கின்றன. இதையும் மண் கொட்டி மூடுவதாகத்தான் இருந்தது. மக்கள் குரல் கொடுத்த பிறகு, 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஒத்திவைத்தது.

நாள் தேர்ந்தெடுக்கத் தேக்காவில் வாங்கி மாட்டிய தினசரி காலண்டரே முதல் உதவி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அந்த நாள்களுக்குச் சாங்கிப் பக்கத்து நீர்மட்டப் பட்டியலை இணையத்தில் பாருங்கள். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் சனிக்கும் ஞாயிறுக்கும்கூட வித்தியாசம் உண்டு.

பிறகு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். படகுத்துறையிலிருந்து செக் ஜாவா சுமார் 3 கிலோமீட்டர். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி ஏற்ற இறக்கமான சரளைப் பாதை. காலை 10 மணிக்கு நீர் வற்றுகிறது என்றால் 8 மணிக்குள் படகில் இருங்கள். மாலை 3 மணி என்றால் காலையில் புவாக்கா, மதியத்துக்கு மேல் செக் ஜாவா. அங்கே திறந்திருக்கும் நேரம் காலை 8.30 முதல் மாலை 6 வரை. நீர் வற்றுவது ராத்திரி என்றால் வேறு தேதி பாருங்கள். பாலத்தை விட்டுச் சேற்றில் நீங்களாக இறங்கக் கூடாது. போவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பழுதுபார்ப்புக்காகச் சில பகுதிகளை மூடி வைப்பதுண்டு.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் கிளப்புவார்கள், ஆளுக்கு 4 வெள்ளி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடப் பயணம். தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜுக்கே வரும். அங்கே ராமர் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே உணவங்காடி நிலையம். கும்பிட்டுவிட்டு வயிற்றையும் நிரப்பிக்கொண்டு படகேறலாம். உபினில் கடைகள் படகுத்துறைப் பக்கம்தான், அதைத் தாண்டிவிட்டால் கையில் இருக்கும் தண்ணீர்தான். ஆளுக்கு 2 லிட்டர் அதிகமில்லை.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும். முதுகுப்பைக்குள் வைத்துவிடுங்கள். பாவமே என்று ஒரு துண்டு போட்டாலும் குற்றம்தான், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

என்னைக் கேட்டால் வெயிலைவிட இடிமின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். செக் ஜாவாவின் கடலோர மரப்பாலமும் அங்குள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரமும் ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி. இடி கேட்டால் உடனே இறங்கி வந்துவிடுங்கள், படம் அப்புறம் எடுக்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்று விடியற்காலையிலிருந்து மதியத்துக்குள் அடித்துவிட்டுப் போகும். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க மழை பெய்யலாம். பிப்ரவரியில் மழை குறைவு, பாதையும் காய்ந்திருக்கும்.

புவாக்கா 74 மீட்டர்தான், ஆனால் பாறைச் சரிவு. மழை பெய்த மறுநாள் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். மேலே நின்றால் கருங்கல் வெட்டிய பள்ளம் ஏரியாகக் கிடப்பது தெரியும். 1851இல் பெட்ரா பிராங்கா தீவில் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் இந்தத் தீவிலிருந்துதான் போனது. பள்ளத்து வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் கூட வந்தால் இந்தப் பாதியை விட்டுவிட்டுச் செக் ஜாவாவோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

மாலை 5 மணிக்குள் படகுத்துறைக்கு வந்துவிடப் பாருங்கள். இருட்டிய பிறகு 12 பேர் சேர்வது கஷ்டம். சேராவிட்டால் மீதி இடங்களுக்கும் நீங்களே காசு கொடுக்க வேண்டியிருக்கும். கைப்பேசியில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துச் சிங்கப்பூர் நிறுவனத்திலேயே வைத்துவிடுங்கள். எதிரே ஜொகூர், தானாக விட்டால் அது மலேசியாவுக்கு மாறி ரோமிங் கட்டணம் ஏறும்.