தேடும்போது ஒரு விலை, கட்டும்போது ஒரு விலை

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் நாலு பேர் மதுரையிலிருந்து டெல்லி போக வேண்டும். விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் ஆளுக்கு 6,200 ரூபாய் காட்டியது. நாலு பேர் என்று மாற்றியதும் 6,900 ஆனது. பணம் கட்டும் இடத்தில் 7,400-ஐத் தாண்டிவிட்டது. ஏன் இப்படி?
- வாசகி, திருமங்கலம்

பதில்: திருச்சியில் ஒரு டிராவல்ஸில் 22 வருடம் டிக்கெட் போட்டவள் நான். வாரத்துக்கு ஒருவராவது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்பார்.

ஒரே விமானத்தில், ஒரே மாதிரி சீட்டுக்குப் பல விலை அடுக்குகள் உண்டு. அடிவிலையில் மூன்று சீட் மட்டும் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நாலு கேட்டால் தளம் பொதுவாக மூன்றை அந்த விலைக்குத் தந்து ஒன்றுக்கு மட்டும் விலையைக் கூட்டாது. நாலு பேருக்கும் மேல் அடுக்கு விலையையே போடும். அதனால் ஒருவர், இருவர், மூவர் என்று மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். மூன்றும் ஒன்றுமாகப் பிரித்துப் போட்டால், உங்கள் கணக்கில் 2,100 ரூபாய் மிச்சம். ஆனால் பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண், இரண்டாகிவிடும். விமான நேரம் மாறினால் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். தனியாகச் சமாளிக்க முடியாத பெரியவர் இருந்தால் பிரிக்காதீர்கள்.

கடைசியில் ஏறியது பெரும்பாலும் கன்வீனியன்ஸ் கட்டணம் (ஆன்லைனில் டிக்கெட் போடுவதற்குத் தளம் வாங்கும் காசு), சீட் தேர்வு, தானாக டிக் ஆகியிருக்கும் இன்சூரன்ஸ். கன்வீனியன்ஸ் கட்டணத்தைப் பல இடங்களில் ஆளுக்கு, ஒவ்வொரு வழிக்கும் வாங்குகிறார்கள். நாலு பேர் போய்வர எட்டு தடவை! சீட்டுக்குக் காசு கட்டாவிட்டாலும் செக்-இன்னில் ஒரு சீட் தருவார்கள். சேர்ந்து உட்கார முடியாமல் போகலாம், அவ்வளவுதான்.

முதல் பக்க விலையை வைத்து ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு தளத்திலும் பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கம் வரை போய், மொத்தத் தொகையையும் எத்தனை கிலோ பெட்டிக்கு அனுமதி என்பதையும் தாளில் எழுதுங்கள். அமெரிக்காவில் 2012 முதல், கட்டாய வரிகளைச் சேர்த்த முழு விலையைத்தான் விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். இங்கே தவிர்க்கவே முடியாத ஒரு கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பது அநியாயம் என்றுதான் சொல்வேன். எண்ணி எடுத்து வந்த நோட்டு போதாமல் திரும்பிப் போன அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நான் எடுத்ததுமே மொத்தத் தொகையைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. பயணம் ரத்தானால், 'ரீஃபண்ட் இல்லை' என்ற டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.