அந்த 60,000 ரூபாயை யார் கட்டுவது?

கேள்வி: மதுரையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் அருப்புக்கோட்டை, அப்பா தறி நெய்கிறார். கடைசி செமஸ்டருக்கு இரண்டு இன்டர்ன்ஷிப் வந்திருக்கின்றன. சென்னையில் ஒரு டிசைன் நிறுவனம்: ஆறு மாதம், சம்பளம் கிடையாது, அவர்களுடைய வாடிக்கையாளர் டிராயிங்குகளை முடித்துத் தர வேண்டும். இன்னொன்று ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை: குவாலிட்டி பிரிவு, மாதம் 12,000 ரூபாய், கேன்டீன் சாப்பாடு. சென்னை செலவுக்கு அம்மா மகளிர் குழுவில் 60,000 ரூபாய் கடன் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து இந்த வருஷம் வீட்டில்தான் இருக்கிறாள், தறிக்கான நூலைத் தார் சுற்றித் தருவதால் அப்பாவுக்கும் உதவி. எதற்குப் போகலாம்?

பதில்: ஓசூருக்குப் போ தம்பி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் மூன்று முறை திரும்பப் படித்தது தங்கையைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான். வீட்டில்தான் இருக்கிறாளா? தார் சுற்றுகிறவள் சும்மாவா இருக்கிறாள்? காலையில் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் வேலை அது. அவளுக்குக் கூலி யார் தருகிறார்கள்? சம்பளமில்லாத வேலைக்கு நீ போகலாமா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய். உன் வீட்டிலேயே ஒருத்தி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைப்பது உனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. என்ன மார்க் வாங்கினாள், என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று ஒரு சொல்கூட இல்லை. குழுக் கடனின் தவணையை அதே தறியும் அதே ராட்டையும்தான் கட்டப்போகின்றன. அண்ணன் என்றால் வீட்டுக் கணக்கைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சென்னை நிறுவனத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளரிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் டிராயிங்கை நீ போட்டால் அது வேலை. அதைப் பயிற்சி என்று சொல்லி ஆறு மாதம் வாங்கிக்கொள்வதை நான் ஒருநாளும் சரியென்று சொல்ல மாட்டேன். உள்ளூரில் ஒரு மாதம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு என்றால் சம்பளமில்லாமலும் போகலாம். இது அப்படி இல்லை.

குவாலிட்டி பிரிவு என்று முகம் சுளிக்காதே. துளையின் அளவு சரியா என்று பார்க்கும் கோ, நோ-கோ கேஜைக் கையில் எடுத்து ஒரு துளையில் விட்டுப் பார். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று டிராயிங்கில் டாலரன்ஸ் எழுதுகிறாயே, அதன் அர்த்தம் அங்கேதான் புரியும். தட்டு நிறைய ரிஜெக்ட் ஆன பாகங்களைப் பார்த்தவன் பிறகு போடும் டிராயிங்கே வேறு. டிகிரி முடிந்ததும் தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவு செய். 1961 தொழில் பழகுநர் (அப்ரென்டிஸ்) சட்டத்தில் 1973-ல் செய்த திருத்தத்தால் பட்டதாரிகளும் அப்ரென்டிஸ் ஆகலாம். உதவித்தொகை கட்டாயம், குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. வெறும் இன்டர்னுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் தங்கை. அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் இணையத்தில் வரும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான், உன் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது. அவளுடைய மார்க் ஷீட், டிசி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே தேடி எடு. அம்மாவிடம் கடன் வேண்டாம் என்று சொல். என்ன படிக்க வேண்டும் என்று தங்கையிடம் கேட்டு, அவள் சொன்னதை எனக்கு எழுது.