எங்கள் ஊரில் யூதர்கள் இல்லை, அந்தச் சொல் மட்டும் இருக்கிறது

கேள்வி: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியாவில் யூதர்களைப் பற்றியும் மற்ற சிறுபான்மையினரைப் பற்றியும் சாதாரண மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த நாட்டின் சிறுபான்மையில் நானும் ஒருத்தி என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லும் பதிலாக இது இருக்காது.

முதலில் யூதர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அம்மா இருந்தார், இன்றும் இருக்கிறார். மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அத்தை என்பதுபோல. நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். என் அம்மா பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தபோது என்னையும் அண்ணனையும் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர்தான். அப்படிப்பட்டவர், கடன் கொடுக்காத மளிகைக் கடைக்காரரைத் திட்டும்போது "மச்சாம் யஹூடி" என்பார். "யூதன் மாதிரி" என்று அர்த்தம். கடைக்காரர் சீனர். மக்சிக் வாழ்நாளில் ஒரு யூதரைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அழிரப்பர் தர மறுத்த தோழியை நானும் ஒருமுறை அதே வார்த்தையால் திட்டினேன். அது ஓர் இனத்தின் பெயர் என்பதே எனக்கு அப்போது தெரியாது. கஞ்சன், ஏமாற்றுக்காரன் என்பதுபோல அதையும் ஒரு வசைச் சொல்லாகவே கேட்டு வளர்ந்தேன்.

ஆனால் யூதர்கள் எங்கள் ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் இன்று ஜாலான் ஜைனல் அபிடின் என்ற பெயருள்ள சாலைக்கு முன்பு ஜாலான் யஹூடி என்று பெயர், யூதர் சாலை. பெயர் மாறிவிட்டது, அவர்களின் இடுகாடு மட்டும் சுவருக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சக ஊழியரோடு உள்ளே போனேன். அங்கே குடியிருந்து பார்த்துக்கொள்ளும் இந்தியக் குடும்பத்தினர்தான் கதவைத் திறந்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள், எபிரேய எழுத்துகள். மிகப் பழையது 1835-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1941-இல் விபத்தில் இறந்த ஓர் இளம் லெப்டினன்ட்டின் கல்லறையும் உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த யூதர் அவர்.

பெரும்பாலும் பாக்தாத் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1929-இல் தொழுகைக்கென ஒரு கூடம் திறந்தார்கள். எங்கே தெரியுமா? நாகூர் சாலையில். ஆமாம், நம் நாகூரின் பெயரைத் தாங்கிய சாலைதான். ஜப்பானியர் வந்தபோது பலர் சிங்கப்பூருக்குத் தப்பிப் போனார்கள். போருக்குப் பிறகு திரும்பிய கொஞ்சம் பேரும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். கூட்டு வழிபாட்டுக்கு அவர்கள் முறைப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் 1976-இல் கூடம் மூடப்பட்டது. பினாங்கின் கடைசி யூதர் என்று அறியப்பட்டவர் 2011-இல் இறந்து அந்த இடுகாட்டிலேயே அடக்கமானார்.

இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் யூதர்கள் யாருக்காவது தீங்கு செய்ததாக ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. அப்படியானால் வெறுப்பு எங்கிருந்து வந்தது?

என் வயதுக்காரர்களுக்குப் பதில் தெரியும். பெரும்பங்கு மேடையிலிருந்து வந்தது. 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்த மகாதீர் முகமது, யூதர்களைப் பற்றிய பேச்சை நாட்டின் பொதுமொழியாகவே ஆக்கிவிட்டார். 1984-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு கோலாலம்பூருக்கு வருவதாக இருந்தது. யூத இசையமைப்பாளர் ஒருவரின் படைப்பை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கச் சொன்னது அரசு. குழு பயணத்தையே ரத்து செய்தது. 1997-இல் எங்கள் பணமான ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தபோது நாணய வியாபாரி ஜார்ஜ் சோரோஸைக் குற்றஞ்சாட்டினார் பிரதமர். அதோடு யூதர்களின் திட்டம் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டது. வேலை போனவர்களுக்கும் சேமிப்பு கரைந்தவர்களுக்கும் காரணம் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. அக்டோபர் 2003-இல் புத்ராஜெயாவில் நடந்த இஸ்லாமிய நாடுகளின் உச்சி மாநாட்டில், யூதர்கள் மற்றவர்களை முன்னிறுத்தி உலகை ஆள்கிறார்கள் என்று பேசினார். கூடியிருந்த தலைவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2018-இல் அவர் மீண்டும் பிரதமரானார். அடுத்த ஆண்டு கூச்சிங்கில் நடக்கவேண்டிய உலக மாற்றுத்திறனாளர் நீச்சல் போட்டிக்கு இஸ்ரேலிய வீரர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அரசு சொன்னது. போட்டியே மலேசியாவிடமிருந்து பறிக்கப்பட்டு லண்டனுக்குப் போனது.

என் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், "இஸ்ரேல் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும்" என்ற பொருளில் ஒரு வரி உண்டு. இஸ்ரேல் என்ற அரசின் மீதான நிலைப்பாடு அது. அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. பாலஸ்தீன மக்களுக்காக என் மலாய்த் தோழிகள் விடும் கண்ணீர் உண்மையானது. காஸா குழந்தைகளின் படங்களைப் பார்த்து நானும் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அன்றாட மலாய்ப் பேச்சில் "இஸ்ரேல்" என்று சொல்லவேண்டிய இடத்தில் பலர் "யஹூடி" என்றே சொல்கிறார்கள். ஒரு நாட்டு ராணுவம் செய்வது ஓர் இனத்தின் ரத்தக் குணமாகிவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டினால் நெருங்கிய தோழிகூட "நீ அவர்கள் பக்கமா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு நகராது.

2014-இல், யூத வெறுப்பை எதிர்த்து இயங்கும் அமெரிக்க யூத அமைப்பான ஏடிஎல் உலகம் முழுக்க ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. யூத எதிர்ப்பு மனப்பான்மை உள்ளவர்கள் மலேசியாவில் 61 சதவீதம் என்று வந்தது. ஈரானில் 56 சதவீதம். ஈரான் அரசு இஸ்ரேலை எப்படிப் பேசும் என்பது தெரிந்ததே. ஆனால் அங்கே இன்றும் ஆயிரக்கணக்கான யூதர்கள் வாழ்கிறார்கள், நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தால் வெறுப்பு குறையும் என்று இதை வைத்து முடிவுகட்ட ஆசையாக இருந்தது. முடியவில்லை. மொராக்கோ தன் அரசியல் சாசனத்திலேயே எபிரேயப் பாரம்பரியத்தைக் குறிப்பிடுகிற நாடு, அங்கேயும் யூதர்கள் வாழ்கிறார்கள். அந்த நாட்டில் வந்த எண் 80 சதவீதம். பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது போலிருக்கிறது.

சரி, மற்ற சிறுபான்மையினருக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 63.5 சதவீதம், பௌத்தர்கள் 18.7, கிறித்தவர்கள் 9.1, இந்துக்கள் 6.1. எங்களைப் பற்றிய மனப்பான்மை யூதர்களைப் பற்றியதைப் போல ஒரே நிறத்தில் இருக்காது. எங்களை மலாய்க்காரர்களுக்கு நேரில் தெரியும். ஒரே உணவுக்கடையில் பசியாறுகிறோம், ஒரே மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறோம். தைப்பூசத்தன்று பினாங்கில் தேருக்கு வழிவிட்டுக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள். அன்று பினாங்கில் பொது விடுமுறை. ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில், ஒரு சீனக் கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இதைத்தான் போடுகிறார்கள். அது பொய் இல்லை.

ஆனால் அன்பு இருக்கும் இடத்திலேயே உரசலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சட்டத்தோடும் காகிதங்களோடும் சம்பந்தப்பட்டது. இங்கே மலாய்க்காரர் என்பவர் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்று அரசியல் சாசனமே வரையறுக்கிறது. அதனால் மதம் பற்றிய எந்தப் பேச்சும் உடனே இனம் பற்றிய பேச்சாகிவிடும். ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கதை எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். 2009-இல் அவர் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். கைக்குழந்தையான கடைசி மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2018 ஜனவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் மகள் தாயிடம் வந்து சேரவில்லை. அந்தத் தாய்க்காக வருந்திய மலாய்த் தாய்மார்களை எனக்கு நேரில் தெரியும். "பாவம்தான், ஆனால் மத விஷயத்தில் நாங்கள் என்ன பேச முடியும்" என்பார்கள். இந்த மௌனம்தான் எங்கள் நாட்டில் நான் அதிகம் பார்த்த மனப்பான்மை. அதில் வெறுப்பு இருப்பதில்லை, பயம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முஸ்லிம்களுக்குள்ளேயே சிறுபான்மையாக இருப்பவர்கள் பாடு இன்னும் கடினம். ஷியா வழியைப் பரப்பியதாகச் சந்தேகிக்கப்பட்ட அம்ரி சே மாட் 2016 நவம்பரில் காணாமல் போனார். சில மாதங்களில் கிறித்தவப் போதகர் ரேமண்ட் கோவும் அதேபோல் மறைந்தார். இரண்டிலும் போலீஸின் சிறப்புப் பிரிவுக்குப் பங்கு உண்டு என்று 2019-இல் மனித உரிமை ஆணையம் முடிவு சொன்னது. ஷியா என்றாலே என் மலாய்த் தோழிகள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. "இந்தியர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை" என்ற பதிலை நான் கேட்டபோதெல்லாம் சொன்னவர்கள் முஸ்லிம்கள் அல்ல. வங்காளதேசத் தொழிலாளர்களைப் பற்றி நம்மவர்கள் பேசும் பேச்சையும் கேட்டிருக்கிறேன். எழுதக் கூசுகிறது. ஒதுக்குகிற பழக்கம் எந்த ஒரு மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல.

என் உண்மையான பயம் வேறு. எங்களையும் மெல்ல மெல்ல ஒரு சொல்லாக்கிக்கொண்டிருக்கிறார்கள். "பெண்டாத்தாங்" என்ற சொல் எங்களுக்குப் பழசு. வந்தேறி என்று பொருள். ஐந்து தலைமுறையாக இங்கே இருந்தாலும் தேர்தல் நேரத்தில் காதில் விழும். இப்போது புதிதாக "கூயில் ஹராம்", அதாவது சட்டவிரோதக் கோயில். 2025-இல் கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் சுமார் 130 ஆண்டுப் பழமையான பத்ரகாளியம்மன் கோயிலை மசூதி கட்டுவதற்காக இடம் மாற்றும் பிரச்சினை எழுந்தபோது, சமூக ஊடகத்தில் அந்தச் சொல் எப்படிப் பரவியது என்று பார்த்தேன். நிலம் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம், கோயிலோ தோட்டப்புறமும் நகரமும் உருவான காலத்தது, பட்டா இல்லாத கோயில்கள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதையெல்லாம் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. கடைசியில் பேச்சுவார்த்தையில் சற்றுத் தள்ளி வேறு இடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்தச் சொல் தங்கிவிட்டது. எழுதியவர்களில் பலர் இளைஞர்கள். என் காலத்தில் இடைநிலைப்பள்ளியில் ஒரே மேசையில் நானும் ஒரு மலாய்ப் பெண்ணும் ஒரு சீனப் பெண்ணும் உட்கார்ந்தோம். இப்போது சீனப் பிள்ளைகள் பெரும்பாலும் சீனப் பள்ளிக்கும், நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளிக்கும், மலாய்ப் பிள்ளைகள் தேசியப் பள்ளிக்கோ சமயப் பள்ளிக்கோ போகிறார்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நாங்கள் போராடிக் காத்தவை, விட்டுக்கொடுக்கச் சொல்ல என் வாய் வராது. ஆனாலும் பன்னிரண்டு வயதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வளர்வதற்கு ஒரு விலை இருக்கிறது.

போன நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது சரியாகக் கேட்பதில்லை. கல்லூரியில் படிக்கும் பேரன் ஓலையில் பொதிந்து வேகவைத்த சோறான கெத்துப்பாட்டை என் தட்டில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, உங்கள் கோயில்களுக்கெல்லாம் அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டான். கேலி இல்லை, ஏதோ வீடியோவில் பார்த்தது. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது என்றேன். கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு "ஓ" என்றான். அப்புறம் பேச்சுவாக்கில் யூதர் இடுகாட்டைப் பற்றியும் சொன்னேன். பினாங்கில் யூதர்களா என்று அவனுக்கு நம்பவே முடியவில்லை. எந்தச் சாலை என்று கேட்டான், சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போவேன். அது ஏதோ பழைய கிடங்கின் மதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.